கதைக்குள் ஒரு படை: மேசைப் போரைப் பாத்திர விளையாட்டோடு இணைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் பாத்திர விளையாட்டு (role-playing game) ஒன்றைத் தொடர்ந்து ஆடிவரும் எந்தக் குழுவின் கதையிலும் ஒரு நாள் படை வந்தே தீரும். நாயகர்கள் ஒரு சிற்றரசனைப் பகைத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது அவர்கள் அடைக்கலம் புகுந்த ஊரை யாரோ முற்றுகையிட்டிருப்பார்கள். அதுவரை நான்கு நாயகர்களும் ஆறு கொள்ளையரும் மோதிக்கொண்ட மேசையில் இப்போது பல நூறு பேர் நிற்க வேண்டியிருக்கும். அந்த இடத்திற்கு வந்ததும், கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் கதைநடத்துநர்களில் பெரும்பாலானோர் போரை வாயாலேயே சொல்லி முடித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு படைவீரனுக்கும் தனித்தனியே பகடை உருட்டத் தொடங்கி, நள்ளிரவு நெருங்கியும் முதல் சுற்றைத் தாண்ட முடியாமல் தவிக்கிறார்கள். படையைப் படையாகவும் நாயகர்களை நாயகர்களாகவும் ஒரே மேசையில் நடத்தும் வழி ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு படியாக விளக்குவதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

கெடா மாநிலத்தின் பீடோங் போன்ற ஒரு தோட்டப்புறச் சிறுநகரில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அங்கே மினியேச்சர் எனப்படும் சிறு உருவப் பொம்மைகளை விற்கும் கடை கிடையாது. ஆனால் பெரிய மேசையுள்ள பொதுமண்டபம், மலிவு விலைக் கடை, இரும்புச் சாமான் கடை, பால்மரக் காடு ஆகியவை உண்டு. இந்தப் பொழுதுபோக்குக்குத் தேவையானவற்றில் முக்கால்வாசி இவற்றிலேயே அடங்கிவிடும்.

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

சிறு உருவங்களைப் படைகளாக நகர்த்தி ஆடும் மேசைப் போரிலிருந்துதான் பாத்திர விளையாட்டே பிறந்தது என்பதை அறிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிநூலை வெளியிட்டார்கள். அதன் பெருந்திரள் போர் விதிகளில் மேசைமீதுள்ள ஓர் உருவம் 20 வீரர்களைக் குறித்தது. நூலின் பிற்பகுதியில் மந்திரவாதிகளும் டிராகன்களும் இடம்பெற்றனர். 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திர விளையாட்டின் பெட்டியை வெளியிட்டபோது, அதை ஆடத் தேவையான பொருள்களின் பட்டியலில் செயின்மெயிலையும் சேர்த்திருந்தார்கள். ஆக, படையும் நாயகனும் தொடக்கத்திலேயே ஒரே மேசையில் இருந்தவர்கள். பிற்காலத்து விதிநூல்கள்தாம் நாயகனை மட்டும் தனியே பிரித்தெடுத்துக்கொண்டன.

அந்நாளில் அவர்களிடம் விலையுயர்ந்த பொம்மைகள் இருந்தன என்றும் எண்ணிவிட வேண்டாம். அந்த விளையாட்டில் வரும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூதமும் ஆந்தைக்கரடியும், மலிவுக் கடையில் பையோடு விற்ற பிளாஸ்டிக் மிருகப் பொம்மைகளைப் பார்த்துக் கற்பனை செய்யப்பட்டவையே.

முதல் படி: போர் எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்?

பொம்மை வாங்குவதற்கு முன், விதி எழுதுவதற்கு முன், ஒரு தாளில் ஒரே வரியில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் போர் முடியும்போது கதையில் எது தீர்மானமாகியிருக்க வேண்டும்? ‘யார் வெல்கிறார்’ என்பது போதுமான கேள்வி ஆகாது, ஏனென்றால் நாயகர்கள் தோற்றால் கதையே நின்றுவிடும் என்று ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்; கதைநடத்துநர் எப்படியாவது காப்பாற்றிவிடுவார் என்று அவர்கள் எதிர்பார்க்கத் தொடங்கியதும் பகடைக்கு மதிப்பு போய்விடும். ‘ஊர்மக்கள் படகேறும்வரை பாலம் நிற்குமா?’, ‘இளவரசனின் ஐயம் தீருமா?’, ‘உலைக்களத்தைக் காப்பதா, நெற்களஞ்சியத்தைக் காப்பதா?’ என்பன போன்ற கேள்விகளில் எந்த விடை வந்தாலும் கதை நகரும். தோல்வியும் ஒரு நல்ல அத்தியாயமாக அமையும்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்த குழுக்களில் மேசைப் போர் கதையை விழுங்கிவிடும். இரண்டு வாரம் உழைத்து அழகாகச் செய்த படைகள் நடுமேசையில் மோதிக்கொண்டிருக்க, நாயகர்களை நடத்துபவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் படி: அளவைத் தீர்மானித்தல்

பாத்திர விளையாட்டுகளில் ஓர் அங்குலத்துக்கு 5 அடி என்ற கணக்கு பரவலாக உள்ளது. நால்வர் மோதும் குகைக்கு அது மிகப் பொருத்தம். படைக்கு அதையே வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பொதுமண்டபத்து மேசைப்பந்து மேசை 274 செ.மீ. நீளமும் 152.5 செ.மீ. அகலமும் கொண்டது, அதில் பாதி, அதாவது ஏறத்தாழ 137 செ.மீ.க்கு 152 செ.மீ., ஒரு போருக்குச் சிறந்த களம். ஆனால் 5 அடிக் கணக்கில் அந்த 152 செ.மீ. வெறும் 300 அடிதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் நெடுவில்லின் உச்ச எல்லை 600 அடி. களத்தின் ஒரு கோடியிலிருந்து எய்த அம்பு மறு கோடியைத் தாண்டி மண்டபத்துச் சுவரில் போய்க் குத்தும்.

ஆகவே நிலத்தைச் சுருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் 2 மீட்டர் என்று கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். அப்போது களம் ஏறக்குறைய 300 மீட்டர் அகலமாகிவிடும். ஒரு சிறு துறைமுகமோ ஆற்றங்கரைக் கோட்டையோ அதில் தாராளமாக அடங்கும். ஓர் உருவம் 10 பேரைக் குறிக்கட்டும். 25 மி.மீ. அடித்தட்டு கொண்ட ஆறு உருவங்களை மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் ஓர் அட்டைத் தட்டில் நிறுத்தினால், 75 மி.மீ.க்கு 50 மி.மீ. கொண்ட ஓர் ‘அணி’ கிடைக்கும். அது 60 வீரர்களுக்குச் சமம். நாயகர்களுக்கு மட்டும் இந்தப் பெருக்கல் கிடையாது. அவர்களின் உருவம் அவர்கள் ஒருவரையே குறிக்கும்.

காலத்தையும் இப்படியே சரிசெய்ய வேண்டும். மேசைப் போரின் ஒரு சுற்றை ஒரு நிமிடமாகக் கொண்டால், 6 விநாடிச் சண்டைச் சுற்றுகள் பத்து அதற்குள் அடங்கும்.

மூன்றாம் படி: உருவங்களைச் சேர்த்தல்

நால்வர் ஆடும் குழுவுக்கு முதல் போரில் நாயகர் பக்கம் நான்கு அணிகளும் எதிர்ப்பக்கம் ஆறு அணிகளும் போதும். அதாவது 60 உருவங்கள், அவற்றோடு நான்கு நாயகர்கள், இரண்டு பகைத் தலைவர்கள். இதற்குமேல் ஆசைப்படுவது வண்ணம் தீட்டப்படாத பிளாஸ்டிக் குவியலில்தான் முடியும்.

கடைகளில் கிடைக்கும் கற்பனை உலக உருவங்கள் பெரும்பாலும் 28 மி.மீ. உயரமுள்ளவை. நாயகர்களுக்கு மட்டும் அவற்றை வாங்குங்கள். படைக்குத் தாள் உருவங்களே போதும்: முன்புறமும் பின்புறமும் வரைந்து, தடித்த தாளில் அச்சிட்டு, நடுவில் மடித்து ஒட்டி, அடித்தட்டில் நிறுத்தலாம். சாயங்காலம் ஒன்றில் ஓர் அணி தயாராகிவிடும். தாள் உருவம் தரம் குறைந்தது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வரிசையாக நிற்கும் 36 தாள் வீரர்களைத் தொலைவிலிருந்து பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். நண்பர் எவரிடமாவது ரெசின் பிரிண்டர் (திரவப் பிளாஸ்டிக்கை இறுகவைத்து உருவங்களை அச்சிடும் இயந்திரம்) இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் உறையாத ரெசினைக் கையுறையின்றித் தொடக்கூடாது, காற்றோட்டமில்லாத அறையில் அந்த இயந்திரத்தை ஓட்டக்கூடாது.

நான்காம் படி: நம் வெப்பத்தில் வண்ணம் தீட்டுதல்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வண்ணம் தீட்டுபவர்கள் நம் ஈரப்பதத்தை மறந்துவிடுகிறார்கள். வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் ஸ்ப்ரே பிரைமரை மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அடித்தால் உருவத்தின்மேல் வெண்பொடி பூத்தாற்போல் ஆகிவிடும். முற்பகலில், வெயில் ஏறிக் காற்று சற்று உலர்ந்தபின், மெல்லிய பூச்சாக அடிப்பது நல்லது. மழைக்காலத்தில் தூரிகையால் பூசும் பிரைமரே உத்தமம். அக்ரிலிக் வண்ணமோ இந்த வெப்பத்தில் தட்டிலேயே காய்ந்துவிடும். மூடியுள்ள ஆழமற்ற டப்பா ஒன்றில் நனைந்த சமையலறைத் தாளை விரித்து, அதன்மேல் ரொட்டி சுடும் தாளைப் பரப்பி, அதன்மேல் வண்ணத்தைக் குழைத்தால் மணிக்கணக்கில் இளகியே இருக்கும். சூப்பர் குளூ காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகுவது, ஆகவே நம் ஊரில் அது மளமளவென்று பிடிக்கும். வெள்ளைப் பசைதான் நாள் முழுதும் காயாமல் சோதிக்கும். விசிறிக்கு அடியில் வையுங்கள்.

படைவீரர்களைத் தனித்தனியே தீட்டாதீர்கள். பன்னிரண்டு உருவங்களை ஒரு மரச்சட்டத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டு, எல்லாருக்கும் தோல் நிறம், பிறகு எல்லாருக்கும் துணி, பிறகு எல்லாருக்கும் இரும்பு என்று போங்கள். இறுதியில் நீர்த்த கரும்பழுப்பை எல்லார்மேலும் பூசினால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகிவிடும். முகத்தில் கண்விழி வரைய வேண்டியதில்லை. அந்த உழைப்பை நாயகர்களுக்கு ஒதுக்குங்கள்.

வைத்துப் பாதுகாக்க, இரும்பு பிஸ்கட் டின்னைவிடச் சிறந்த பெட்டி இல்லை. அடித்தட்டுகளின் கீழ் காந்தத் தாளை வெட்டி ஒட்டினால் மோட்டார்சைக்கிளில் கொண்டு போனாலும் உருவங்கள் சாயா. பூஞ்சை பிடிக்காமலிருக்க உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் இரண்டைப் போட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: களம் அமைத்தல்

இந்தப் படியில்தான் தோட்டப்புறத்தவர்களாகிய நமக்கு நகரத்தவர்களைவிடக் கை ஓங்கியிருக்கிறது. உலகெங்கும் மினியேச்சர்க்காரர்கள் அச்செடுப்பதற்கு ரப்பர் பாலைப் போத்தலில் விலைகொடுத்து வாங்குகிறார்கள். நாம் அதை மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்திலேயே பார்த்து வளர்ந்தவர்கள். இருந்தாலும் மரத்திலிருந்து இறக்கிய பாலை அப்படியே பயன்படுத்த முடியாது. அது சில மணி நேரத்திலேயே தானாக உறையத் தொடங்கும். அமோனியா சேர்த்தால்தான் நீர்மமாக நிற்கும். அப்படி நிறுத்திய பாலும் காய்ந்தபின் பிசுபிசுப்பாக, எளிதில் கிழிவதாக இருக்கும். அச்சுக்கு வேண்டியது கந்தகம் சேர்த்து முன்பே பதப்படுத்திய பால். அது கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும். அச்சு வேலைக்கு அதையே வாங்குங்கள். தோட்டத்துப் பாலை ஆறு, சாலை செய்வதற்கு வைத்துக்கொள்ளலாம்.

அச்செடுக்கும் முறை இது. களிமண் பலகை ஒன்றில் கல் அடுக்கு வடிவத்தைக் கீறிச் செதுக்குங்கள். அதன்மேல் பதப்படுத்திய பாலை மெல்லியதாகத் தூரிகையால் பூசி, முதல் பூச்சில் காற்றுக்குமிழி எதுவும் தங்காதபடி தூரிகை நுனியால் குத்திவிடுங்கள். வெண்மை மறைந்து தேன்நிறமானால் அது காய்ந்துவிட்டது என்று பொருள். அப்போதே அடுத்த பூச்சைப் போடலாம். ஏழெட்டுப் பூச்சுக்குப் பின் மெல்லிய துணி ஒன்றைப் பதித்து இன்னும் இரண்டு பூச்சுப் போட்டால் அச்சு தளராது. உரித்தெடுக்கும்போது முகப்பவுடரைத் தூவிக்கொண்டே உரியுங்கள், இல்லையேல் ரப்பர் தன்மேலேயே ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் போய்விடும். செம்பு, பித்தளைப் பொருள்களை மட்டும் இதற்கு மூலவடிவமாக வைக்காதீர்கள். செம்பு ரப்பரை அரித்துவிடும். இந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எத்தனை சுவர்க்கற்கள் வேண்டுமானாலும் வார்க்கலாம். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

ஆற்றுக்குப் பழைய பருத்தித் துணியை நெளிவாக வெட்டி, தோட்டத்துப் பாலில் பழுப்பு அக்ரிலிக்கைக் கலந்து பூசுங்கள். காய்ந்ததும் பூசியபோது இருந்ததைவிட நிறம் கறுத்துவிடுமாதலால், தொடக்கத்தில் வெளிறிய நிறமாகக் கலப்பது நல்லது. பிசுபிசுப்புப் போக மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அடிக்க வேண்டும். அந்த ஆறு சுருட்டினாலும் விரியும், மேடு பள்ளத்தில் படிந்து கிடக்கும். குன்றுகளுக்கு மீன்கடையில் வீசும் வெள்ளைப் பெட்டிகளின் நுரைப்பலகை போதும். அதன்மேல் ஸ்ப்ரே மட்டும் நேரடியாகப் படக்கூடாது, பட்டால் உருகிக் குழிவிழும். முதலில் வெள்ளைப் பசையும் மணலும் கலந்து பூசி மூடிவிடுங்கள்.

காடுகளைப் பற்றி ஒரு சொல். காட்டுக்குள் தொலைவு வரை பார்க்க முடியாது என்று விதிநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடும். வரிசையாக நட்ட தோட்டம் அப்படிப்பட்டதன்று என்பது நம் எல்லாருக்கும் தெரியும். செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நடுகிறார்கள். சில திசைகளில் கண் நெடுந்தூரம் ஓடும், இரண்டடி விலகி நின்றால் தண்டுகள் மறைத்துவிடும். இதை மேசைக்குக் கொண்டுவரலாம்: நட்ட வரிசையின் போக்கில் வில்லாளிகளுக்கு முழுத் தொலைவும், மற்றத் திசைகளில் 10 செ.மீ. மட்டுமே. இவ்வொரு விதி, அணியை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது என்பதையே ஆட்டமாக்கிவிடும். உங்கள் கதை பழங்கடாரத்தில், அதாவது பண்டைய கெடாவில், நடக்கிறது என்றால் இதற்கு இடமில்லைதான். ரப்பர் கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தது 1877இல், செம்பனையை வணிகப் பயிராக நட்டது 1917இல். கற்பனை உலகத்துக்கு அந்தத் தடை இல்லை.

ஆறாம் படி: விதிகள்

ஏற்கெனவே உள்ள விதிநூல் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தலாம். ஆனாலும் முதல் போருக்கு ஒரு பக்க விதிகளே போதும் என்பது என் கருத்து. ஒவ்வோர் அணிக்கும் ஓர் அட்டை; அதில் நான்கு எண்கள். நகர்வு என்பது சென்டிமீட்டரில். தாக்கு என்பது உருட்டும் ஆறுமுகப் பகடைகளின் எண்ணிக்கை. காப்பு என்பது அந்த அணியை அடிக்க எதிரியின் பகடையில் விழ வேண்டிய குறைந்தபட்ச எண். உறுதி என்பது அணி தாங்கும் அடிகள்.

ஊர்க்காவல் கூட்டத்துக்கு நகர்வு 15, தாக்கு 4, காப்பு 3, உறுதி 4. கேடயமேந்திய வீரர்களுக்கு 15, 6, 4, 6. கவசமணிந்த காவற்படைக்கு 12, 6, 5, 6. வில்லாளிகளுக்கு 15, 4, 3, 4, அம்பின் எல்லை 40 செ.மீ. யானை அணிக்கு 18, 8, 4, 6. உறுதி தீர்ந்த யானை அணியை உடனே அகற்றாமல், ஒரு பகடையை உருட்டித் திசை பார்த்து, எதிர்ப்பட்டவர் யாராயிருந்தாலும் மிதித்துக்கொண்டு ஓடவிடுங்கள்.

இந்த எண்களை மனம்போன போக்கில் போடவில்லை. ஆறு பகடையில் 4க்குக் குறையாமல் விழுபவை சராசரியாக மூன்று. ஆகவே கேடயவீரர் அணி இன்னொரு கேடயவீரர் அணியை ஏறக்குறைய இரண்டு சுற்றில் உடைக்கும். காவற்படையை உடைக்க மூன்று சுற்றாகும், ஏனெனில் 5க்குக் குறையாமல் விழுபவை ஆறில் இரண்டே. உங்கள் உலகத்துப் பூதகணங்களுக்கு எண் கொடுக்கும்போதும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊர்க்காவல் கூட்டம், வில்லாளிகள் போன்ற மெலிந்த அணிகளைத் தவிர, ஓர் அணி ஒரே சுற்றில் உடைந்தாலும் ஐந்து சுற்றுக்கு மேல் நின்றாலும் ஆட்டம் கெடும்.

உறுதியில் பாதியை இழந்ததும் அணி நிற்குமா, ஓடுமா என்று சோதிக்க வேண்டும். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வந்தால் நிற்கும். வராவிட்டால் தன் பக்கத்து விளிம்பை நோக்கி ஒரு முழு நகர்வு ஓடும், அடுத்த முறை மறுபடியும் சோதிக்கலாம். நாயகன் ஒருவன் அணியோடு நின்றால் கூட்டுத்தொகையோடு 2 சேர்த்துக்கொள்ளுங்கள். துணையின்றி நிற்பதற்கான வாய்ப்பு 58 விழுக்காடு. நாயகனோடு அது 83 விழுக்காடாக ஏறுகிறது. ஒரு மனிதன் அறுபது பேரை நிற்கவைக்க முடியும் என்பதை மேசையில் காட்ட இதைவிட எளிய கணக்கு தேவையில்லை.

எந்த அணி எப்போது இயங்கும் என்பதற்கு ரப்பர் கொட்டைகளைப் பயன்படுத்தலாம். ஒவ்வோர் அணிக்கும் நாயகனுக்கும் ஒரு கொட்டை, பக்கத்துக்கு ஒரு நிறம், அதில் அணியின் எண். பத்து அணிகளும் நான்கு நாயகர்களும் என்றால் பதினான்கு. எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டு ஒவ்வொன்றாக எடுங்கள்; எடுத்த கொட்டைக்குரியவர் நகர்ந்து, அடித்து முடிப்பார். தன் கொட்டை வரும்போது மட்டுமே ஓர் அணி அடிக்கும். ஒரே அளவுள்ள கொட்டைகளாகப் பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, மணலில் தேய்த்தபின் வண்ணம் பூசுங்கள். அளவு வேறுபட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகளின் விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். பச்சைக் கொட்டையில் நஞ்சு உண்டாதலால் குழந்தைகளின் வாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

ஏழாம் படி: நாயகர்களுக்கு வேலை கொடுத்தல்

இந்த வழிகாட்டியில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். தன் கொட்டை வரும்போது நாயகன் இந்த நான்கில் ஒன்றைச் செய்யலாம்: ஓர் அணியோடு சேர்ந்து அதை நிலைநிறுத்துவது, பகைத் தலைவனைத் தனிச்சண்டைக்கு அழைப்பது, மந்திரமோ தனித்திறமையோ காட்டுவது, களத்தில் உள்ள குறிக்கோளை நோக்கிச் செல்வது. தனிச்சண்டைக்கு உங்கள் பாத்திர விளையாட்டின் வழக்கமான விதிகளையே பயன்படுத்துங்கள், ஆனால் ஒரு முறைக்கு மூன்று சண்டைச் சுற்றோடு நிறுத்திவிட்டு அடுத்த கொட்டையை எடுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், தவிர, பாதியில் நின்ற சண்டை எல்லாரையும் மேசையைச் சுற்றி இழுத்துவைக்கும்.

மந்திரங்களை மாற்றும்போது சேத எண்ணைப் பெருக்கி வகுத்துக்கொண்டிருக்காதீர்கள். செயின்மெயில் இதற்கு அழகான வழியைக் காட்டியது: மந்திரவாதியின் தீக்கோளம் பெரிய கவண்பொறியின் அடிக்குச் சமம், மின்னல் பீரங்கிக்குச் சமம். மந்திரத்தை ஓர் ஆயுதமாக மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

“அண்ணே, என் மந்திரவாதி தீக்கோளம் வீசுறான். எட்டு டைஸ் போடவா?”

“வேணாம் தம்பி, இங்க அது கவண்கல் மாதிரிதான். ஆறு டைஸ் போடு. அவங்க கேடயக்காரங்க, நாலுக்குக் கீழ விழுந்தா கணக்கில்ல.”

“நடுவுல நம்ம ஆளுங்களும் நிக்கிறாங்களே?”

“அதைத்தான் நீ யோசிக்கணும்.”

கடைசி விடையைக் கவனியுங்கள். கதைநடத்துநர் தடுக்கவில்லை, விதியைத் தேடிப் புரட்டவும் இல்லை. தன் பக்கத்து வீரர்கள் நிற்கும் இடத்தில் தீயை வீசுவதா என்பது பாத்திரம் சார்ந்த கேள்வி. அதை ஆட்டக்காரரிடமே விட்டுவிட்டார். அணிகளுக்குப் பெயரும் முகமும் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வி இன்னும் கனக்கும். முந்தைய வாரக் கதையில் நாயகர்களுக்குச் சோறு போட்ட படகோட்டிகளே இன்று ஊர்க்காவல் கூட்டமாக நிற்கட்டும்.

நாயகன் சேர்ந்து நிற்கும் அணி உடைந்தால் அவன் சாகமாட்டான். நெருக்கடியிலிருந்து தப்ப, உங்கள் விதிநூல் கேட்கும் சோதனையை அவன் செய்ய வேண்டும், தவறினால் சிறைபிடிக்கப்படுவான்.

எட்டாம் படி: ஒரு களம், எடுத்துக்காட்டாக

பீடோங்கிலிருந்து பார்த்தால் தெரியும் குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரம். கடலில் வருவோருக்கு அடையாளமாக நின்ற மலை. அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்களும், சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. 1025இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. பகைவனின் நகர வாசலிலிருந்த விச்சாதிரத் தோரணம் என்ற அலங்கார வளைவையும் அவன் யானைகளையும் கைப்பற்றியதை அம்மன்னனின் மெய்க்கீர்த்தி சொல்கிறது. கற்பனைப் போருக்கு இவ்வளவு நல்ல சரக்கு வீட்டு வாசலிலேயே கிடக்க, ஐரோப்பியக் கோட்டையைத் தேடிப் போவானேன்?

பெயர்களை மாற்றிக் கற்பனை நாடாக்குங்கள். மேசையின் ஒரு விளிம்பு கடல். அதிலிருந்து வளைந்து மேலேறும் ஆறு. இருபுறமும் கண்டல் காடு, அங்கே நகர்வு பாதி. நடுவில் தோரண வாசல், அதற்கு அப்பால் தாழ்வான கோயில் மேடையும் இரும்பு உலைகளும். தாழ்ந்த மேடையே போதும். அதன்மேல் உருவங்களை நிறுத்தவும் வசதி. கண்டல் வேர்களுக்குத் தேங்காய் நாரைப் பசையில் தோய்த்து விரித்துக் காயவையுங்கள்.

நாயகர்களை எந்தப் பக்கம் நிறுத்துவது? சோழர் பக்கம் நிற்க ஆசைப்படும் குழுக்கள் உண்டு, அது இயல்பே. நான் கடாரத்தின் பக்கம் நிறுத்துவேன். குறைந்த படையோடு தாக்குப்பிடிப்பவர்கள் பக்கம்தான் ஆட்டத்துக்குச் சுவை. நாம் இன்று வாழ்வதும் அந்த மண்ணில்தான். கேள்வி இது: ஆறு சுற்றுகளுக்குள் உலைக்கொல்லர் குடும்பங்களை ஆற்றில் மேலேற்றி அனுப்ப முடியுமா, தோரணமும் நிற்குமா? சுற்றுக்கு ஒரு படகு புறப்படும், ஒரு நாயகன் துறையில் நின்றால் இரண்டு. நான்கு அணிகளைக் கொண்டு இரண்டையும் காப்பது கடினம். மூன்றாம் சுற்றில் பகையின் யானை அணி கரையிறங்கட்டும்.

ஒன்பதாம் படி: ஆடும் இரவு

ஓர் அணிக்கு இரண்டு நிமிடம், ஒரு நாயகனுக்கு மூன்று நிமிடம் என்று கணக்கிட்டால் ஒரு சுற்று ஏறக்குறைய அரை மணி நேரம். ஆறு சுற்றுக்கு மூன்று மணி நேரம். இரவு எட்டு மணிக்குத் தொடங்க வேண்டுமானால் களத்தை ஏழு மணிக்கே விரித்துவிட வேண்டும். பகைப் படை முழுவதையும் கதைநடத்துநரே நகர்த்தினால் களைத்துவிடுவார். அன்று வேடிக்கை பார்க்க வந்த ஒருவரை அழைத்து எதிரணிகளில் பாதியை ஒப்படையுங்கள். கதை தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது, இரக்கமில்லாமல் ஆடுவார். விதியில் ஐயம் எழுந்தால் ஒரு பகடை உருட்டி அப்போதைக்கு முடிவுசெய்து, விவாதத்தை மறுநாளுக்கு ஒத்திவையுங்கள். தேநீரும் பலகாரமும் களமேசையில் ஏறக்கூடாது.

பத்தாம் படி: போருக்குப் பின்

களத்தைக் கலைப்பதற்கு முன் நிலவரத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் அணியின் அட்டையிலும் அது என்ன ஆனது என்று ஒரு வரி எழுதுங்கள். உடைந்த அணி என்றால் அறுபது பேரும் மாண்டார்கள் என்று பொருளல்ல; மூன்றில் ஒரு பங்கு இறப்பு, மூன்றில் ஒரு பங்கு காயம், மிச்சம் சிதறல் என்று கொள்வது கதைக்குப் போதுமானது. சிதறியவர்கள் அடுத்த மாதக் கதையில் காட்டுவழிக் கொள்ளையராகவோ பழிதீர்க்க வந்தவர்களாகவோ திரும்பலாம். ஆறு சுற்றும் உடையாமல் நின்ற அணிக்கு உறுதியில் ஒன்றைக் கூட்டி, அதற்கு ஒரு பட்டப்பெயர் சூட்டும் உரிமையை அதை நடத்திய ஆட்டக்காரருக்குக் கொடுங்கள். நாயகர்களுக்கான அனுபவப் புள்ளிகளைக் கொன்ற தலைகளை எண்ணித் தராமல், முதல் படியில் எழுதிய கேள்விக்குக் கிடைத்த விடையைப் பார்த்துத் தாருங்கள்: எத்தனை படகுகள் தப்பின, தோரணம் யார் கையில் இருக்கிறது, துறையில் நின்றவன் எந்த அணியைக் கைவிட்டான். அடுத்த அமர்வைத் தப்பிய படகுகள் கரைசேரும் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஏறாமல் போனவர்களின் பெயர்ப்பட்டியல் கதைநடத்துநரிடம் தயாராக இருக்கட்டும்.